கொரிய நாளிதழ்களின் அரசியல் சாய்வு: எங்கிருந்து வந்தது, எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான்: தென் கொரிய நாளிதழ்களின் ஆங்கிலப் பதிப்புகளைப் படித்து வரும் ஒருவர், ஒரே நிகழ்வைப் பற்றி ஜோசன் இல்போ எழுதுவதும் ஹான்கியோரே எழுதுவதும் நேர் எதிராக இருக்கிறதே, இவையெல்லாம் கட்சிப் பத்திரிகைகளா, எதை நம்பிப் படிப்பது என்று கேட்டிருக்கிறார்.

கட்சிப் பத்திரிகைகள் இல்லை. அங்குள்ள பெரிய நாளிதழ் எதுவும் ஒரு கட்சிக்குச் சொந்தமானதில்லை. ஆனால் சாய்வு உண்டு, அதுவும் பலமாகவே. ஜோசன், ஜுங்ஆங், தோங்ஆ மூன்றும் பழமைவாதப் பக்கம். மூன்றையும் சேர்த்து ‘ஜோ-ஜுங்-தோங்’ என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர் பெரும்பாலும் கோபத்தில் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். ஹான்கியோரேயும் கியோங்ஹியாங் சின்முனும் முற்போக்குப் பக்கம். ஹான்கூக் இல்போ நடுவில் நிற்கப் பார்க்கும். மேகியோங், ஹான்கியோங் போன்ற பொருளாதார நாளிதழ்கள் தொழில் நிறுவனங்களின் பக்கம்.

இந்த அளவுக்கு எங்கு தேடினாலும் கிடைக்கும். வலது, இடது என்ற இந்தப் பிரிவினையை மட்டும் வைத்துக்கொண்டு படித்தால் பாதிதான் புரியும் என்பது என் கருத்து. ஒரு பத்திரிகை எதை உரக்கச் சொல்லும், எதைச் சொல்லாமல் விடும் என்பதைக் கொள்கையைவிட வேறு விஷயங்கள்தான் அதிகம் முடிவு செய்கின்றன. அதன் முதலாளி யார், அதிலிருந்து யார் விரட்டப்பட்டார்கள், விளம்பரப் பணம் யார் தருகிறார்கள் என்பவை அவை. அதில் விரட்டப்பட்டவர்களின் கதையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இன்றைய பிரிவினை அங்கேதான் பிறந்தது.

பார்க் சுங்-ஹீயின் சர்வாதிகாரம் உச்சத்தில் இருந்த காலம். உளவுத்துறை ஆட்கள் பத்திரிகை அலுவலகத்துக்குள் வந்து போவதும், இதைப் போடு, அதை எடு என்று சொல்வதும் சாதாரணமாக நடந்தது. 1974 அக்டோபர் 24 அன்று தோங்ஆ இல்போ நிருபர்கள் கூடி, இனி உளவுத்துறையினர் ஆசிரியர் பிரிவுக்குள் வரக் கூடாது, தணிக்கைக்குப் பணியமாட்டோம் என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். அந்த டிசம்பரிலேயே அரசு பதிலடி கொடுத்தது. அரசின் நெருக்கடியில் விளம்பரதாரர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் வரிசையாக விலகினார்கள். விளம்பரம் வர வேண்டிய இடத்தை வெறுமையாகவே விட்டு அச்சிட்டது தோங்ஆ. அப்புறம் நடந்ததுதான் கொரியப் பத்திரிகை வரலாற்றிலேயே எனக்குப் பிடித்த பகுதி. மாணவர்கள், குடும்பப் பெண்கள், பெயர் சொல்லப் பயந்தவர்கள் எனச் சாதாரண மக்கள் தங்கள் கைக்காசைக் கொடுத்து அந்த வெற்றிடத்தில் சின்னச் சின்ன விளம்பரங்கள் வாங்கினார்கள். பொருள் விற்பதற்கில்லை, தைரியமாக இருங்கள் என்று நிருபர்களுக்குச் சொல்வதற்காக.

நிர்வாகம் தாக்குப்பிடிக்கவில்லை. 1975 மார்ச்சில், உள்ளேயே உட்கார்ந்து போராடியவர்களை விடியற்காலையில் ஆட்களை வைத்து வெளியே தள்ளியது. தோங்ஆவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். அதே மாதம் ஜோசன் இல்போவிலும் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாருக்கும் வேறு பத்திரிகையில் இடம் கிடைக்காதபடி அரசு பார்த்துக்கொண்டது. இதை ஒரு தொழிற்சங்கத் தகராறாக நினைத்துவிடக் கூடாது. இரண்டு பெரிய நாளிதழ்களிலும் எதிர்த்து நிற்கக்கூடியவர்கள் யாரோ, அவர்கள் ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். எஞ்சியவர்களை வைத்துத்தான் அந்தப் பத்திரிகைகளின் அடுத்த தலைமுறை உருவானது.

ஐந்து ஆண்டுகள் கழித்து அதன் விளைவு தெரிந்தது. 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் ராணுவம் மக்களைச் சுட்டுக் கொன்றபோது, தணிக்கைக்கு உட்பட்ட தேசிய நாளிதழ்களில் அது கலவரக்காரர்களின் கதையாக வந்தது. அந்த ஊரின் ஜொன்னாம் மேயில் நாளிதழ் நிருபர்கள், தங்கள் கண்ணால் பார்த்ததை ஒரு வரிகூட அச்சிட முடியவில்லை, வெட்கப்பட்டுப் பேனாவைக் கீழே வைக்கிறோம் என்று எழுதி மே 20 அன்று கூட்டாக ராஜினாமா செய்தார்கள். மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 23 அன்று, படுகொலைக்குக் காரணமான, விரைவிலேயே அதிபரான ராணுவத் தளபதி சுன் தூ-ஹ்வானை ‘மனிதர் சுன் தூ-ஹ்வான்’ என்று புகழ்ந்து ஒரு முழு நீளக் கட்டுரை வெளியிட்டது ஜோசன் இல்போ. அந்தக் கட்டுரையை இன்றும் குவாங்ஜுக்காரர்கள் மறக்கவில்லை. தென்மேற்கே ஜொல்லா பகுதியில் ஜோசன் மீது உள்ள வெறுப்பு வெறும் கொள்கை வேறுபாடு இல்லை என்பது இதைத் தெரிந்துகொண்டால்தான் புரியும்.

அந்த ஆண்டு நவம்பரில் சுன் அரசு ஊடகங்களை வலுக்கட்டாயமாக இணைத்தது. பல நிறுவனங்கள் மூடப்பட்டன. ஆயிரம் பேர் அளவுக்கு ஊடகத் துறையில் வேலையிழந்தார்கள். எந்தச் செய்தியை எத்தனை பத்தியில், எந்தப் பக்கத்தில் போடுவது என்று அரசிடமிருந்து தினமும் எழுத்தில் உத்தரவு வந்தது. 1986-இல் ‘மால்’ என்ற இதழ் அந்த உத்தரவுகளை அம்பலப்படுத்திய பிறகுதான் பொதுமக்களுக்கு அது தெரிந்தது. உத்தரவுகளை ஏற்று நடந்த நாளிதழ்கள் அந்த ஆண்டுகளில் நன்றாகவே வளர்ந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போட்டியாளர்கள் குறைந்ததால் விளம்பரம் குவிந்தது. சர்வாதிகாரம் அவர்களை மிரட்டியது, கூடவே பணக்காரர்களாகவும் ஆக்கியது.

1975-இல் வெளியேற்றப்பட்டவர்கள் காத்திருந்தார்கள். ஜனநாயகம் கேட்டு மக்கள் நடத்திய 1987 ஜூன் எழுச்சிக்குப் பிறகு கதவு திறந்ததும், ஒரு நாளிதழ் தொடங்கப் பங்கு வாங்கும்படி மக்களைக் கேட்டார்கள். 27,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கு வாங்கி, 500 கோடி வொன் சேர்ந்தது. 1988 மே 15 அன்று ஹான்கியோரே வந்தது. முதல் தலைவர் சொங் கன்-ஹோ, 1975-இல் நிருபர்கள் நீக்கப்பட்டதைக் கண்டித்து தோங்ஆவின் ஆசிரியர் பதவியைத் துறந்தவர். மற்ற நாளிதழ்கள் சீன எழுத்து கலந்து மேலிருந்து கீழாக அச்சிட்ட காலத்தில், இது முழுக்க ஹங்குல் எழுத்தில், இடமிருந்து வலமாக வந்தது. ஹான்கியோரேயின் சாய்வு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், இந்தப் பிறப்பிலிருந்து என்றுதான் சொல்ல வேண்டும். கியோங்ஹியாங் வேறு வழியில் வந்தது. 1946-இல் கத்தோலிக்கத் திருச்சபை தொடங்கியது. 1959-இல் சிங்மன் ரீ அரசு இழுத்து மூடியது. மறுபடி பிறந்து, பல கைமாறி, தொண்ணூறுகளில் ஹான்வா குழுமத்திடம் இருந்து, 1998-இல் ஊழியர்களுக்கே சொந்தமானது.

எதிர்ப் பக்கம் மூன்றும் குடும்பச் சொத்து. ஜோசன் இல்போ பாங் குடும்பத்துடையது. தோங்ஆ கிம் குடும்பத்துடையது. 1965-இல் தொடங்கிய ஜுங்ஆங்கின் நிறுவனர், சாம்சங்கை உருவாக்கிய லீ பியோங்-சொலேதான். 1999-இல் சாம்சங் குழுமத்திலிருந்து பிரிந்தாலும், அதை நடத்தும் ஹோங் குடும்பம் சாம்சங் குடும்பத்துக்கு நெருங்கிய சம்பந்தி. குடும்பம் ஆளும்போது ஆசிரியர் குழுவின் சுதந்திரம் முதலாளியின் எல்லைக்குள்தான் இருக்கும்.

ஜோசனும் தோங்ஆவும் தொடங்கியது 1920-இல், ஜப்பானிய ஆட்சியில். பெர்லின் ஒலிம்பிக்ஸ் மாரத்தானில் வென்ற சொன் கீ-ஜொங் மார்பிலிருந்த ஜப்பானியக் கொடியை 1936-இல் படத்திலிருந்து அழித்து அச்சிட்டதற்காக தோங்ஆ பல மாதம் முடக்கப்பட்டது. அதைப் பெருமையாகச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. அதே குடும்பங்களின் மூத்தவர்களான பாங் உங்-மோ, கிம் சொங்-சு இருவரையும் பின்னாளில் ஜப்பானிய ஆட்சிக்குத் துணைபோனவர்கள் பட்டியலில் 2009-இல் அரசு ஆணையம் சேர்த்ததும் உண்மை. ஜப்பான் தொடர்பான எந்தச் செய்தியிலும் இந்தப் பழைய வழக்கு பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

சரி, இன்றைய சாய்வு எந்தச் செய்தியில் அதிகம் தெரிகிறது? என் பார்வையில் வட கொரியாதான் முதலிடம்.

1986 நவம்பரில் வட கொரியத் தலைவர் கிம் இல்-சுங் சுட்டுக் கொல்லப்பட்டார் என்று ஜோசன் இல்போ சிறப்புப் பதிப்பே போட்டது. நவம்பர் 18 அன்று அவர் பியோங்யாங் விமான நிலையத்தில் மங்கோலியத் தலைவரை நேரில் வரவேற்றார். 2013-இல் பாடகி ஹியொன் சொங்-வொல் துப்பாக்கிப் படையால் கொல்லப்பட்டதாக அதே பத்திரிகை எழுதியது. மறு ஆண்டு அவர் வட கொரியத் தொலைக்காட்சியில் தோன்றினார். 2018 ஜனவரியில் குளிர்கால ஒலிம்பிக்ஸ் கலை நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்யத் தென் கொரியாவுக்கே வந்தார். 2019 மே 31 அன்று, அமெரிக்காவுடன் நடந்த ஹனோய் பேச்சுவார்த்தை தோற்றதால் வட கொரிய அதிகாரி கிம் யோங்-சொல் கட்டாய உழைப்புக்கு அனுப்பப்பட்டார் என்று முதல் பக்கத்தில் செய்தி. சில நாட்களிலேயே அவர் கிம் ஜொங்-உன்னோடு ஒரு கலை நிகழ்ச்சியில் உட்கார்ந்திருந்த படம் வந்தது.

இவற்றை வெறும் வலதுசாரிப் பொய் என்று தள்ளிவிட்டால் காரணம் பிடிபடாது. வட கொரியச் செய்திக்கு ஆதாரம் பெயரில்லாத ஒருவர், அல்லது தென் கொரிய உளவுத்துறை. பியோங்யாங் அவதூறு வழக்குப் போடப் போவதில்லை. தவறினால் விலை கொடுக்க வேண்டியதில்லை, முந்தினால் பெயர் கிடைக்கும். பழமைவாத வாசகர் நம்ப விரும்புவதும் அதுவே என்றால், சரிபார்க்கும் அவசரம் யாருக்கு இருக்கும்? மறுபக்கத்துக்கும் இதே இடத்தில்தான் பலவீனம். 2018-இல் தென் கொரியாவின் முற்போக்கு அதிபர் மூன் ஜே-இன், வடக்கின் கிம் ஜொங்-உன் சந்திப்புகள் நடந்தபோது முற்போக்கு நாளிதழ்கள் நம்பிக்கையை அதிகமாகவும் சந்தேகத்தைக் குறைவாகவும் எழுதின. வடக்கின் சிறை முகாம்களைப் பற்றி அவற்றின் குரல் பொதுவாகவே தாழ்ந்திருக்கும். அகதியாக வந்தவர்களின் சாட்சியம் வலதுசாரிப் பக்கங்களிலேயே அதிகம் கிடைப்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம். அது எந்தப் பக்கத்துக்கும் சொந்தமான துயரம் இல்லை.

அரசுக்கும் பத்திரிகைக்கும் நடந்த பெரிய மோதல் 2001-இல். கிம் தே-ஜுங் அரசு 23 ஊடக நிறுவனங்களில் வரிச் சோதனை நடத்தி, 50,000 கோடி வொன்னுக்குச் சற்று மேல் வரி விதித்தது. ஜோசனின் பாங் சங்-ஹூனும் தோங்ஆவின் கிம் பியோங்-க்வானும் கைதானார்கள். பத்திரிகைச் சுதந்திரத்தின் மீது தாக்குதல் என்றது ஒரு பக்கம். வரி கட்டாதவர்கள் கட்டட்டும் என்றது இன்னொரு பக்கம். வரி ஏய்ப்பு உண்மை, பாங் மீதான குற்றம் நீதிமன்றத்தில் உறுதியானது. சோதனைக்குத் தேர்ந்தெடுத்த நேரம் அரசியல், அதுவும் உண்மை. அடுத்த ஆண்டே, ‘ஒவ்வொரு குடிமகனும் நிருபர்’ என்று 2000-இல் தொடங்கிய இணைய இதழ் ஓமைநியூஸின் வாசகர்கள் அதிபர் தேர்தலில் முற்போக்கு வேட்பாளர் ரோ மூ-ஹியொனின் வெற்றிக்குப் பெரும் பலமாக நின்றார்கள். பெரிய நாளிதழ்கள் எதிர்த்தும் ஒருவர் அதிபராக முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

2009-இல் லீ மியுங்-பாக் அரசு சட்டத்தை மாற்றி நாளிதழ்கள் தொலைக்காட்சி நடத்த வழிசெய்தது. 2011 டிசம்பர் 1 அன்று டிவி ஜோசன், சேனல் ஏ, ஜேடிபிசி, எம்பிஎன் நான்கும் தொடங்கின. வலதுசாரிகளின் கை ஓங்கிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. 2016 ஜூலையில், பெருநிறுவனங்களிடமிருந்து பணம் வாங்கிய ஒரு விசித்திர அறக்கட்டளையைப் பற்றி முதலில் சொன்னது டிவி ஜோசன். அதே மாதம் அதிபர் பார்க் குன்-ஹேயின் செயலாளர் ஒருவரைப் பற்றி ஜோசன் இல்போ எழுதியது. ஆளும் கட்சி திருப்பி அடித்தது: ஜோசனின் தலைமைத் தலையங்க எழுத்தாளர் ஒரு கப்பல் கட்டும் நிறுவனத்தின் செலவில் ஐரோப்பா சுற்றியது வெளியே விடப்பட்டது, அவர் பதவி விலகினார், ஜோசன் அடங்கியது. விட்ட இடத்திலிருந்து செப்டம்பரில் ஹான்கியோரே எடுத்தது. அறக்கட்டளைக்குப் பின்னால் இருந்த அதிபரின் தோழி சே சூன்-சில் என்ற பெயரைச் சொன்னது. அதன் மூத்த நிருபர் கிம் உய்-கியோம், தெரிந்ததை எழுதுங்கள் என்று ஜோசன் முதலாளிக்குத் தன் பத்திரிகையிலேயே கடிதம் எழுதினார். அக்டோபர் 24 அன்று ஜுங்ஆங் குழுமத்தின் ஜேடிபிசி, சேயின் டேப்லெட் கணினியில் அதிபரின் உரை வரைவுகள் இருந்ததைக் காட்டியது. 2017 மார்ச் 10 அன்று பார்க் பதவி இழந்தார். ஒரு பழமைவாத அதிபரை வீழ்த்தியதில் இரண்டு பக்க ஊடகங்களுக்கும் பங்கு உண்டு.

அந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. கடிதம் எழுதிய கிம் உய்-கியோம் 2018-இல் மூன் ஜே-இன்னின் செய்தித் தொடர்பாளர் ஆனார். 2021-இல், பின்னர் பழமைவாதக் கட்சியின் அதிபரான யூன் சுக்-யோல் அரசியலுக்கு வந்தபோது அவருக்கு முதல் செய்தித் தொடர்பாளராகப் போனவர் ஜோசனின் தலையங்க எழுத்தாளர். இந்தப் போக்குவரத்து எனக்கு மிகவும் உறுத்தும் விஷயம். நாளைக்கு அங்கே வேலை கிடைக்கலாம் என்ற எண்ணம் இன்றைய வாக்கியத்தைத் தொடாமல் இருக்காது. 2019-இல் மூன் அரசில் சோ குக் நீதி அமைச்சராக்கப்பட்டபோது, அவரை விமர்சித்த ஒரு கட்டுரையை ஹான்கியோரே இணையத்திலிருந்து எடுத்தது. அங்கிருந்த இளம் நிருபர்கள் முப்பது பேர் அளவில், பார்க் காலத்தில் இருந்த கூர்மை இப்போது எங்கே போனது என்று தங்கள் ஆசிரியர்களை எதிர்த்து அறிக்கை வெளியிட்டார்கள். ஒரு முற்போக்குப் பத்திரிகையின் தரத்தை நான் அந்த அறிக்கையை வைத்து மதிக்கிறேன். உள்ளிருந்தே கேள்வி கேட்க ஆட்கள் இருந்தார்கள்.

பணத்தின் சாய்வைக் கொள்கைப் பிரிவினை காட்டித்தராது. 2007-இல் சாம்சங்கின் முன்னாள் சட்ட அதிகாரி கிம் யோங்-சொல் (மேலே சொன்ன வட கொரியர் இல்லை) நிறுவனத்தின் ரகசியப் பணத்தைப் பற்றிப் பேசியதை ஹான்கியோரேயும் கியோங்ஹியாங்கும் விரிவாக வெளியிட்டன. சாம்சங் விளம்பரம் நீண்ட காலம் நின்றது. 2010-இல் சாம்சங்கை விமர்சித்த ஒரு பேராசிரியரின் கட்டுரையைப் போடாமல் விட்ட கியோங்ஹியாங், பிறகு முதல் பக்கத்திலேயே வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டது. வலதுசாரிப் பத்திரிகை கொள்கையாலும் நன்றியாலும் சாம்சங்கைத் தொடாது. முற்போக்குப் பத்திரிகை பயத்தால் தயங்கும். ஹான்கியோங்கின் பங்குதாரர்கள் ஹியூண்டாய், சாம்சங், எல்ஜி, எஸ்கே போன்ற பெருநிறுவனங்களே. 2018-இல் குறைந்தபட்ச ஊதியம் 16.4 சதவீதம் உயர்ந்து மணிக்கு 7,530 வொன் ஆனபோது, சிறு கடைக்காரரின் கண்ணீரைப் பக்கம் பக்கமாகப் போட்டவை இத்தகைய பத்திரிகைகள்தான். கடைக்காரரின் கஷ்டம் பொய்யில்லை. ஆனால் அவர் கட்டும் கடை வாடகையும், பெருநிறுவனம் வாங்கும் உரிமக் கட்டணமும் அதே அளவு இடம் பெறவில்லை. 2023 ஜனவரியில், தேஜாங்-தோங் நில ஊழலில் சிக்கிய ஒருவரிடம் தன் மூத்த நிருபர் பெரும் தொகை வாங்கியது தெரிந்ததும் ஹான்கியோரே மன்னிப்புக் கேட்டு அவரை நீக்கியது. நிறுவனத் தலைவரும் விலகினார். அதே ஆளிடம் மற்றப் பத்திரிகைக்காரர்களும் வாங்கியிருந்தார்கள், இடது வலது பேதமில்லாமல்.

2021-இல் விற்பனைக் கணக்கும் அம்பலமானது. ஜோசனின் பிரதிகளில் பெரும்பாலும் எல்லாமே விற்றதாக விற்பனைக் கணக்கைச் சரிபார்க்கும் அமைப்பு சொன்னது. அரசு போய்ப் பார்த்தபோது மூன்றில் இரண்டு பங்கு அளவுதான். அரசு விளம்பரத்துக்கு அந்தக் கணக்கைப் பயன்படுத்துவதையே நிறுத்தினார்கள்.

2024 டிசம்பர் 3 இரவு யூன் சுக்-யோல் ராணுவச் சட்டம் அறிவித்தார். எல்லா ஊடகமும் ராணுவத் தலைமையின் கட்டுப்பாட்டில் என்றது முதல் ஆணை. ஹான்கியோரே, கியோங்ஹியாங், எம்பிசி தொலைக்காட்சி, ஜேடிபிசி ஆகியவற்றுக்கு மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கச் சொன்னார் என்று பின்னர் அவர் மீதான குற்றப்பத்திரிகை கூறியது. பட்டியலில் ஜோசன் இல்லை. ஆனால் மறுநாள் ஜோ-ஜுங்-தோங் மூன்றுமே அந்த அறிவிப்பைக் கண்டித்தன. தேர்தலில் மோசடி என்று யூன் தரப்பு சொன்ன கதையையும் அவை ஏற்கவில்லை. யூனின் ஆதரவாளர்கள் அதற்குள் யூடியூபுக்குப் போய்விட்டார்கள். கைதுக்கு எதிராக வீட்டு வாசலில் திரண்டவர்களுக்கு, உங்களை யூடியூப் நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவரே 2025 ஜனவரி 1 அன்று கடிதம் எழுதினார். முற்போக்குப் பக்கத்திலும் கிம் ஓ-ஜுன் போன்ற யூடியூப்காரர்களின் சொல்லுக்கு எந்த நாளிதழின் தலையங்கத்தையும்விட எடை அதிகம். நாளிதழ்களைத் திட்டிப் பழகிய நான் இதைச் சொல்ல விரும்பவில்லைதான், ஆனாலும் சொல்கிறேன்: தவறு செய்தால் முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்க ஆள் இருக்கும் இடம் மேல்.

அப்படியானால் எப்படிப் படிப்பது? ஒரு பத்திரிகை தன் பக்கத்தைத் தானே தாக்கும் செய்தியை முதலில் நம்பலாம்: யூனைப் பற்றி ஜோசன், முற்போக்குப் பக்கத்து லீ ஜே-மியுங்கைப் பற்றி ஹான்கியோரே. வட கொரியாவில் யாராவது செத்தார் என்ற செய்திக்கு, யார் எழுதினாலும், சில வாரம் பொறுங்கள். ஜுங்ஆங்கின் ஆங்கில நாளிதழ் ஓரளவு நிதானமானது. வெளியுறவுச் செய்திக்கு அதைப் பார்க்கலாம். பெருநிறுவனங்களைப் பற்றி அறிய, வேலையிழந்த தொலைக்காட்சி நிருபர்கள் 2012-இல் தொடங்கிய நியூஸ்தபா என்ற இணைய ஊடகம் உண்டு. விளம்பரமே வாங்காமல் மக்கள் நன்கொடையில் நடக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024-இல் ஒரு மாதத்துக்கும் மேல் நடந்த வேலைநிறுத்தத்தைக் கொரியாவில் எப்படிப் பார்த்தார்கள் என்று தேடுபவர்கள், பொருளாதார நாளிதழ் ஒன்றையும் ஹான்கியோரேயையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். தலைப்பை விடுங்கள்; உள்ளே தொழிலாளி ஒருவராவது பேசுகிறாரா, நிறுவனத்தின் அறிக்கை மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.